இன்ஜினில் மூன்று பட்டை

பசறையில் டிராக்டர் விற்கும் ரஜீவின் முற்றத்துக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். டீசல் நாற்றம், கோழி எச்சம், யாரோ டயரில் துப்பியிருந்த வெற்றிலைச் சாறு. அதற்கு நடுவில் அந்தச் சிவப்பு டிராக்டர் செவ்வந்தி மாலையோடு நின்றது. அப்பாவைவிட வயது கூடியது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று அலங்கரித்து நிறுத்தியது போலிருந்தது.

அப்பாவுக்கு ஒரு டிராக்டர் தேவை. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் சிறு காணி வாங்கி மிளகும் போஞ்சியும் போட்டிருக்கிறார். சாணி மூட்டையை இன்னும் தோளில்தான் சுமக்கிறார். இனியும் சுமந்தால் தோள் போய்விடும் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிதியில் மிஞ்சியதை முழுக்க இந்த ஒரு வண்டியில் போடப் போகிறோம். இது சரியில்லாமல் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. பகலில் கடை வேலை, மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு என்று ஓடும் என்னை நம்பித்தான் அப்பா வந்திருந்தார். என்னை நான் அவ்வளவு நம்பவில்லை.

"வாங்க, வாங்க. தங்கச்சிதான் இன்ஜினியரா?" என்றார் ரஜீவ். "மெதுவா தொடுங்க. பாவம், வயசான உசுரு."

வகுப்பில் சொன்ன வரிசைப்படி போனேன். முதலில் இன்ஜினில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டது. ஆறிய இன்ஜினில்தான் குறை தெரியும் என்பதால், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன்.

"சூடா இருக்குங்களே?"

"வெயில் பட்டிருக்கும்."

மலையைப் பனி மூடிக் கிடந்தது. அன்று யாரும் வெயிலையே பார்க்கவில்லை. ஆனாலும், நாங்கள் பஸ்ஸில் இருந்தபோது இங்கே மட்டும் கொஞ்சம் அடித்திருக்குமோ என்று யோசித்தேன். அப்படி யோசித்ததை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

எண்ணெய், கிளட்ச், பிரேக், டயர். துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் கையில் பிசுக்கு. ஓர் இடத்தை மட்டும் துடைக்கவில்லை. இன்ஜினின் பக்கவாட்டில் மூன்று பட்டை திருநீறும் நடுவில் குங்குமமும் இருந்தன. வண்டிக்குப் பூசை போட்டால் முன்னால் கண்ணாடியிலோ ஸ்டியரிங்கிலோ வைப்பார்கள். இன்ஜின் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் திருநீற்றை எண்ணெய்த் துணியால் துடைப்பதா? என் கை அதைச் சுற்றிக்கொண்டு போனது.

ரஜீவ் ஸ்டார்ட் செய்தார். சத்தத்தில் குறை தெரியவில்லை. அப்பா வெற்றிலையில் முன்பணத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, குடுத்துறவா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நடுப்பட்டை கறுப்பதைக் கண்டேன். திருநீறு நனைந்துகொண்டிருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.

"ஏய், கைய எடு!" அப்பா கத்தினார். "சாமிக்கு வச்சத அழிக்கிறியா?"

"கோயில்ல பூச போட்டதுங்க," என்றார் ரஜீவ். "அழிச்சா அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

ஒரே இழுப்பாக வழித்தேன். திருநீற்றோடு சாம்பல்நிறப் பசையும் பிய்ந்து நகத்துக்குள் ஏறியது. அதன் கீழே, இரும்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் துருவோடு கொப்பளித்துக் குங்குமத்தில் கலந்து, புண் உடைந்ததுபோல வழிந்தது.

"பழைய வண்டின்னா கொஞ்சம் வேர்க்கும்," என்றார் ரஜீவ்.

அப்பா அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "எந்தக் கோயில்ல போட்ட பூச?"

ரஜீவ் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நானே வச்சதுதாங்க. அங்க வச்சா ஒருத்தனும் தொட மாட்டான் பாருங்க." நாங்களும் சேர்ந்து சிரிப்போம் என்று எதிர்பார்த்தார் போல.

அப்பா பணத்தைச் சாரத்து மடியில் செருகினார். வெற்றிலையைக் கீழே போட மனம் வராமல் பஸ் ஏறும்வரை கையிலேயே வைத்திருந்தார். பஸ்ஸில் என் விரலைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். நகத்துக்குள் போனது போகவில்லை.

நேற்று ரஜீவ் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கோவப்படாதீங்க. உங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே, தண்ணி கசியாம நிக்கிற பூச்சு எது?"

போனை வைத்துவிட்டு, அந்த ஆளைத் தொட்டதுபோல, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

இன்று காலையும் அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் காணிக்குப் போனார். பெரகலயில் ஒரு டிராக்டர் விற்பனைக்கு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். அதற்குள்ளேயே அப்பா என் பைக்குள் பழைய துணி ஒன்றை மடித்து வைத்திருக்கிறார்.

"அங்கயும் திருநீறு இருந்துச்சின்னா நீ தொடாத," என்றார். "பாவம்னா என்னோட போகட்டும். நான் தொடைக்கிறேன். நீ பாரு."