கவிப்பிரியாவின் கட்டுரைக்கு ஒரு கடிதம்

கவிப்பிரியா தொப்பூர் கணவாயில் லாரி மோதிச் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவள் எழுதி முடித்துவைத்த கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். கூடவே வைக்கிற கடிதத்தை என்னை எழுதச் சொன்னார் எங்கள் கைடு பச்சியப்பன் சார்.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிச் செடியில் இலை சுருளும் நோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் கட்டுரை. மூன்று வருஷம் காடு காடாக அலைந்து இலை பறித்தவள் அவள். நான் ஏசி லேபில் உட்கார்ந்து இரண்டு படம் வரைந்து கொடுத்தேன். அதற்கே என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தாள், அசடு.

"கட்டுரைய எழுதுன எல்லா ஆதரும் படிச்சு ஒப்புக்கிட்டாங்கன்னு லெட்டர்ல எழுதணும். செத்தவ வந்து ஒப்புக்குவாளா?" என்றார் சார். "அவ பேர எடுத்துடு ஜாஸ்மின். மொதல்ல உம்பேரு, அடுத்து எம்பேரு. நீயும் தீசிஸ் குடுக்கணுமில்ல?"

கொடுக்கத்தான் வேண்டும். முதல் பெயராக ஒரு கட்டுரையாவது இந்த வருஷம் அச்சில் வராவிட்டால் என் பிஎச்.டி. பதிவே ரத்தாகிவிடும். ஆறு வருஷத்தை ஊற்றி மூடிவிட்டு வீட்டுக்குப் போக நான் என்ன இளிச்சவாயா?

இறந்தவர் பெயரைத் தாராளமாகப் போடலாம், அடியில் ஒரு குறிப்பு கொடுத்தால் போதும் என்று அந்த இதழின் விதிமுறையிலேயே இருந்தது. இரண்டு தடவை படித்தேன். சாரிடம் சொல்லவில்லை. 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, 'இது முழுக்க எங்கள் இருவரின் உழைப்பு' என்று அடித்தபோது ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

அனுப்பிய ஐந்தாம் மாதம் கட்டுரை வெளிவந்தது. யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரமே கவிப்பிரியாவின் அப்பா மாது காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பாப்பா எழுதுனது வந்துருச்சாமே. ஒரு காப்பி குடு கண்ணு. ஃப்ரேம் போட்டு வூட்டுல மாட்டணும்."

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல பாப்பா பேரு எங்க இருக்குது?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை என்றெல்லாம் கதைவிட மாட்டேன். யோசிக்கவே இல்லை. என் பெயர் மேல் விரலை வைத்தேன்.

"மொதல்லயே இருக்குதுங்கப்பா."

அந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"உம்பேரு எங்க கண்ணு? நீயுந்தான அவகூட கஷ்டப்பட்ட?"

"எம்பேரு போடலீங்கப்பா."

"அடப்பாவிங்களா, புள்ளைய இப்படி ஏமாத்திட்டாங்களே" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்காக அவருக்குக் கண் கலங்கிவிட்டது.