இரும்பு இல்லாத ஆள்

பெட்ரோல் தேடுகிற கம்பெனியில் காந்தக் கருவி சுமக்க ஆள் கேட்டார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் ஏற்றி இறக்கியே முதுகு போன ஹஸனுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஒரு கம்பு, அதன் உச்சியில் ஓர் உருளை, மார்பில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்து காட்டித் தேறினால் தஞ்சாவூர் பக்கம் ஆறு மாத வேலை. தேறாவிட்டால் மறுபடியும் மோட்டார்.

"உடம்புல பொட்டு இரும்பு இருக்கக்கூடாது" என்றார் சோதிக்க வந்த கம்பெனி அதிகாரி சாய்நாத் சார். "பூமிக்கு அடியில பாறை மேடா பள்ளமான்னு இந்த மெஷின் சொல்லும். அதை வெச்சுத்தான் எண்ணெய் எங்க தேங்கும்னு யோசிப்போம். உன் பெல்ட்டை ஆராய்ச்சி பண்ண இல்ல."

பெல்ட், சாவி, போன் எல்லாம் ஜீப்புக்குள் போயின. கடைசியாகக் கழுத்துத் தாயத்து.

"இது செம்பு சார். பொஞ்சாதி கட்னது."

"செம்போ வம்போ, கழட்டு."

கூட வேலைக்கு வந்திருந்த தௌஃபீக் சிரித்தான். "இன்னா மாமா, லுங்கியாச்சும் வுடுவாங்களா?"

அடுத்து சாய்நாத் சார் தன் பையைத் திறந்தார். மயிலாப்பூரில் வாங்கிய திருஷ்டிச் சரம். கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். அதைப் பக்தியோடு உருளைக்குக் கீழே கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹஸன் நடந்தான். கடல்காற்றில் பழம் ஆடியது, பெட்டியில் எண்கள் குதித்தன.

"இவன்கிட்ட இன்னும் இரும்பு இருக்கு!" என்று கத்தினார் சாய்நாத் சார்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? சட்டையையும் கழற்றிவிட்டு நடந்தான். எண்கள் நிற்கவில்லை. சார் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். சுண்டல்காரன்கூட நின்று வேடிக்கை பார்த்தான்.

"எலும்புல கீதோ இன்னாவோ, அறுத்துப் பாத்துக்க சார்" என்றான் ஹஸன்.

"திமிரா? நீ லாயக்கில்ல. கிளம்பு."

கூடவே நடந்து எண்களைப் படித்துக்கொண்டிருந்த நீரஜா மேடம் சரத்தை அவிழ்த்தார். "இப்ப நடங்கண்ணா."

நடந்தான். பெட்டி பரம சாதுவாக இருந்தது.

"பழம் கோத்த கம்பி இரும்பு சார்" என்றார் மேடம்.

சாய்நாத் சாருக்கு வெட்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா! திருஷ்டி மொத்தத்தையும் அது வாங்கிக்கிச்சு, மெஷின் சரியாயிடுச்சு." சரத்தைக் கண்ணில் ஒற்றி ஜீப்பின் முன்னால் மாட்டினார்.

"அப்ப எனக்கு வேலை கீதா சார்?"

"திங்கக்கிழமை வா. அந்தத் தாயத்தை மட்டும் வீட்லயே வெச்சுடு. சயின்ஸ்ல மூடநம்பிக்கைக்கு எடமே இல்ல."

ஆறு மாத வேலையாயிற்றே. "ஆமா சார்" என்றான் ஹஸன், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடி.