பருவம் தவறிய வரி

லக்‌ஷிகா அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வயதில் உண்மையாகவே கேட்டாளா, அல்லது கேட்டதாக நகுலேஸ்வரியின் மனம் பிறகு சேர்த்துக்கொண்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. நகுலேஸ்வரிக்கே நிச்சயமில்லை. அவள் வாயால் இந்தக் கதையை நான்கு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவை அந்தக் கேள்வி இருந்தது, இரண்டு தடவை இல்லை. மற்றவற்றிலும் சிலது எனக்கு முன்பின்னாகக் குழம்பியிருக்கலாம். அன்று லண்டனில் அடித்த வெயிலில் மட்டும் சந்தேகமில்லை.

தோர்ண்டன் ஹீத் வீட்டின் மேலறையில், இரண்டு காலையும் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்துக்கொண்டு, நகுலேஸ்வரி ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஒரு நூலகம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின குடும்பக் கடிதங்களைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. அவற்றை வாசித்துத் தட்டச்சுச் செய்து கொடுக்க உலகமெங்கும் ஆட்கள் காசு வாங்காமல் உதவினார்கள். நகுலேஸ்வரி பத்தொன்பது வருடம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்தவள். இயந்திரத்தால் வாசிக்க முடியாத கோணல் விலாசங்கள் அவளிடம்தான் வரும். தோள்மூட்டு நோவில் வேலையை விட்ட பிறகும் கண்ணுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று வீட்டில் ஒருவரும் பெரிதாக விசாரித்ததில்லை. "கொம்பியூட்டரிலை ஏதோ தட்டுறா" என்று புருஷன் நவரத்தினம் ஆட்களிடம் சொல்வார்.

அவளுக்கு வந்த கடிதக் கட்டு லவீனியா என்ற பெண்ணுடையது. கலியாணம் முடித்த கையோடு நெப்ராஸ்காப் புல்வெளிக்குப் போனவள். புல்லோடு சேர்த்து வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடு. மழை பெய்தால் மூன்று நாளைக்குக் கூரையிலிருந்து சேறு சொட்டும். கூரைக்குக் கீழே ஒரு துணியை இழுத்துக் கட்டியிருந்தாள், பாம்பு விழுந்தால் அதில் விழட்டும் என்று. விறகு இல்லாத நாடு; காய்ந்த சாணத்தையும் முறுக்கிய வைக்கோலையும் எரித்துத்தான் சமையல். பனிப்புயலுக்கு வீட்டுக் கதவிலிருந்து மாட்டுக்கொட்டில் வரைக்கும் ஒரு கயிறு. அதை விட்டால் இருபது அடிக்குள் வழிதவறிச் செத்துப்போவார்கள். கடதாசித் தட்டுப்பாட்டில் ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டு, தாளைத் திருப்பி, அதன்மேலேயே குறுக்காக மறுபடி எழுதியிருப்பாள். மற்றவர்கள் கைவிட்ட அந்தப் பக்கங்களை நகுலேஸ்வரி தண்ணீர்பட்டபாடாக வாசித்தாள்.

லவீனியா புருஷனைப் பெயர் சொல்லி எழுதுவதில்லை. 'மிஸ்டர் டில்டன்' என்றுதான் எழுதுவாள். எங்கள் ஆட்கள் 'இவர்' என்பதைப்போல என்று நகுலேஸ்வரி முதலில் சிரித்துக்கொண்டாள். தபாற்கந்தோர் இருபத்திரண்டு மைல் தூரம். கடிதங்களை எடுத்துப் போகிறவர் அவர்தான். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'திருமதி டில்டன் நலம். என் வணக்கத்தையும் சேர்த்துக்கொள்ளவும்.' இருபத்தியோராவது கடிதம் வரும்வரைக்கும் நகுலேஸ்வரி அந்த வரியை யோசியாமலேதான் தட்டச்சுச் செய்தாள்.

இருபத்தியோராவது கடிதம் பனிப்புயல் அடிக்கிற ஜனவரி மாதத்தது. தமக்கை அபிகேலுக்கு எழுதியது. மாடு செத்தது, கோதுமை மா புழுத்தது, மிஸ்டர் டில்டன் மிகவும் நல்லவர். பிறகு ஒரு வரி: 'இங்கே காட்டுப் பிளம்ஸ் எல்லாம் பூத்துவிட்டது, அக்கா. நீ வந்து பார்த்தால் நல்லது.'

ஓரத்தில், வேலையைச் சரிபார்க்கிற யாரோ ஏற்கெனவே குறிப்பு எழுதியிருந்தார்: திகதிப் பிழை, மே மாதமாக இருக்கலாம்.

நகுலேஸ்வரியின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. அடுத்த படத்தைத் திறந்தாள். அபிகேலின் பதில் அது. 'உங்கள் பக்கம் வசந்தம் எவ்வளவு வேளைக்கு வந்துவிட்டது! பழம் பழுத்ததும் எனக்குக் கொஞ்சம் விதை எடுத்து வை.'

பேசினுக்குள் இருந்த கால் குளிர்ந்துபோனது.

ஏனென்றால் அந்தப் பதிலை அவளும் ஒரு முறை எழுதியிருக்கிறாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு, வன்னியில் இருந்த தங்கை செல்வமலர் கை மாறிக் கை மாறி ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். கடிதங்களை வழியில் பிரித்து வாசிக்கிற யுத்த காலம். 'எல்லாரும் சுகம். இங்கை இரவு பகலாய் நல்ல மழை, அக்கா.' வைகாசி மாதம் எழுதிய கடிதம். வைகாசியில் வன்னியில் ஏது மழை? லண்டனில் வருடம் முழுக்கத் தூறல் பார்த்துப் பழகியவளுக்கு அது தட்டுப்படவில்லை. 'மழை பெய்தது நல்லது, கிணறு நிரம்பியிருக்கும்' என்று பதில் எழுதிப் போட்டாள். ஆவணியில் செய்தி வந்தது. குடிசை மேல் செல் குண்டு விழுந்து செல்வமலர் போய்விட்டாள். பதில் அவள் கைக்குப் போனதா, போகவில்லையா? போயிருக்கக்கூடாது என்றுதான் நகுலேஸ்வரி இத்தனை வருடமும் கோயிலில் கும்பிட்டு வந்தாள்.

இந்தக் கதையை மகளுக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாள். லக்‌ஷிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "நான் அப்பிடி எழுதினால் விளங்குவீங்களோ அம்மா?" என்று அவள் கேட்டாள். அல்லது கேட்கவில்லை.

நகுலேஸ்வரி போனை எடுத்தாள். லக்‌ஷிகா வால்தம்ஸ்டோவில் இருந்தாள். புருஷன் றஜீவ், பதினான்கு மாதக் குழந்தை ஜதுர்ஷிகா. சித்திரைக்குப் பிறகு அங்கே போகக் கிடைக்கவில்லை. வீட்டில் திருத்த வேலை, பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். குடும்பக் குழுவில் மட்டும் செய்திகள் வந்தன. விரலால் மேலே தள்ளி வாசித்தாள்.

'இங்க நல்ல குளிர் அம்மா.' யூலை இரண்டாம் திகதி. 'இண்டைக்கும் குளிர். ஸ்வெட்டரோட இருக்கிறன்.' எட்டாம் திகதி. 'சரியான குளிர் அம்மா.' நேற்று. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஒரு நிமிடத்துக்குள், றஜீவின் வரி: 'எல்லாம் ஓகே மாமி. டேக் கெயார்.'

நேற்று லண்டனில் முப்பத்தாறு டிகிரி.

கீழே நவரத்தினம் பிரிஜ் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்.

"இஞ்சருங்கோ, லக்‌ஷி வீட்டிலை ஏசி இருக்கோ?"

"ஏசி இருந்தால் நான் ஏன் பிரிஜ்ஜுக்கு முன்னாலை இருக்கிறன்? அங்கையெல்லோ போய்ப் படுத்திருப்பன்."

"அப்ப ஏன் குளிருது எண்டு எழுதுறாள்?"

"பகிடிக்கு எழுதுறாள். நான் சிரிப்புப் படம் ஒண்டு போட்டு விட்டனான், நீர் பாக்கேல்லையோ?"

நகுலேஸ்வரி செருப்பைத் தேடினாள். "நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"உமக்கென்ன விசரே? தண்டவாளம் சூடேறி ரெயின் எல்லாம் ஊருதாம். பொறும், றஜீவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுறன்."

"எடாதேங்கோ."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் கேட்டிராத குரல். பிரிஜ் கதவைத் தானாகவே சாத்தினார்.

விக்டோரியா போக இருபத்தைந்து நிமிடம் எடுக்கிற ரெயின் அன்று ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிழையாக விளங்கியிருந்தால் மருமகன் வாழ்நாளுக்கும் பேசமாட்டான், மகளும் பேசமாட்டாள். அப்படியே இருக்கட்டும், பேசாமல் விடட்டும் என்று அவள் நேர்ந்துகொண்டாள். சரியாக விளங்கியிருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அங்கிருந்து ஏறிய சுரங்க ரெயினில் எதிரே இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வாங்கிக் குடித்து முடித்தாள்.

கதவைத் திறந்தவன் றஜீவ். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தான். எப்போதும் மரியாதையான பிள்ளை.

"வாங்கோ மாமி! என்ன சொல்லாமல் கொள்ளாமல்? மாமாவுக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

எல்லா யன்னலும் பூட்டியிருந்தது. வீடு ரொட்டி சுடும் போறணை மாதிரி வெந்தது. குழந்தை வெறும் நப்பியோடு தரையில் இருந்து அழுதது. லக்‌ஷிகா படியில் இறங்கி வந்தாள். கறுத்தக் கம்பளி ஸ்வெட்டர். கை, விரல் நுனிவரை மூடியிருந்தது. தாயைக் கண்டதும் ஓடிவரவில்லை. முதலில் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

றஜீவ் சோடா ஊற்றிக் கொடுத்தான். நகுலேஸ்வரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவளுக்குப் பேசாமல் இருக்க வரும். கலியாண வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். மாமிக்கு இங்கிலிஷ் தெரியாது, அதுதான் வாய் திறக்கிறாவில்லை என்று றஜீவ் அன்றைக்கே முடிவு கட்டியிருந்தான். மௌனத்தைத் தாங்க முடியாதவன் அவன். வெயிலைப் பற்றிக் கதைத்தான், வேலையைப் பற்றிக் கதைத்தான், வாய் காய்ந்து நிறுத்தினான்.

அப்போது நகுலேஸ்வரி கேட்டாள். "குளிருதோ பிள்ளை?"

"குளிரோ!" றஜீவ் முந்திக்கொண்டான். "உங்கடை மகளுக்கு இரத்தம் காணாது மாமி. டொக்டரிட்டைக் காட்டும் எண்டு நான்தான் கத்துறன்."

லக்‌ஷிகா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஓம் அம்மா. சரியான குளிர்."

"இந்த முறை நான் கிணறு நிரம்பியிருக்கும் எண்டு நினைக்கேல்லைப் பிள்ளை."

லக்‌ஷிகா தலையை நிமிர்த்தினாள். ஒரு கணம்தான். பிறகு குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்ன கிணறு மாமி?"

"ஒண்டுமில்லைத் தம்பி. பழைய கதை." சோடாவைக் கீழே வைத்தாள். "தம்பி, சொல்ல வெக்கமாக் கிடக்கு. எனக்கு மூண்டு நாளா இரத்தம் போகுது. இந்த வயசிலை. அவருக்கும் சொல்லேல்லை."

றஜீவின் முகம் சிவந்தது. சுவரைப் பார்த்தான்.

"டொக்டரிட்டைப் போகவேணும். எனக்கு இங்கிலிஷ் வராது. லக்‌ஷி வந்து கதைக்கவேணும்."

"நான் காரிலை கொண்டுபோறன் மாமி."

"ஐயோ வேண்டாம். மருமேனைக் கூட்டிக்கொண்டு இந்தக் கதைக்குப் போகேலாது. அதைவிட நான் செத்துப்போவன்."

"சரி, அப்ப பிள்ளை என்னோடை நிக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் அவனுடைய கொம்பியூட்டர் கூப்பிட்டது. மூன்று மணி மீற்றிங். குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"இந்தக் கத்தலோடை என்னெண்டு மீற்றிங் கதைப்பியள் தம்பி?"

அவன் கொம்பியூட்டரைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். "ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவியள் என்ன? லக்‌ஷியின்ரை போன் இங்கை சார்ஜிலை கிடக்கட்டும்."

"ஓம் தம்பி. போட்டு வாறம்."

வாசலைத் தாண்டினார்கள். கேற்றடி வரைக்கும் போய்விட்டார்கள்.

"லக்‌ஷி!"

குழந்தையோடு இருவரும் நின்றார்கள். றஜீவ் வாசலில் நின்றான். சிரிக்கவில்லை.

"ஒண்டும் சொல்லாமல் போறீர்?"

எங்கள் ஆட்கள் ஒருவரும் வீட்டை விட்டு இறங்கும்போது போகிறேன் என்று சொல்வதில்லை; போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். லக்‌ஷிகா அதைச் சொல்லாமல் இறங்கியிருந்தாள். அவனுக்கு அது பிடிபட்டுவிட்டது. உள்ளே கொம்பியூட்டர் மறுபடி கூப்பிட்டது. நகுலேஸ்வரி மகளின் முதுகில் ஒற்றை விரலை வைத்து அழுத்தினாள்.

"போட்டு வாறன்," என்றாள் லக்‌ஷிகா.

கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகும் அவர்கள் ஓடவில்லை. யன்னலால் பார்ப்பான். நோய்க்காரி நடப்பதைப்போல நகுலேஸ்வரி மகளில் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து, தெருமுனை வரைக்கும் நடந்தாள். முனை திரும்பியதும் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள். அறுபத்தொரு வயது. ஸ்டேசன் படியில்தான் நின்றாள்.

ரெயின் புறப்பட்டு இரண்டு தரிப்பு கழிந்த பிறகு லக்‌ஷிகா ஸ்வெட்டரைக் கழற்றினாள். நகுலேஸ்வரி அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்ததை அவள் பொலிஸுக்குச் சொன்னாள், எனக்குச் சொன்னதில்லை.

ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். "எத்தினை தரம் எழுதினனான் அம்மா?"

"மூண்டு."

"ஐஞ்சு," என்றாள் லக்‌ஷிகா. "யூன் மாதமும் ரெண்டு எழுதினனான்."

லக்‌ஷிகா அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது தோர்ண்டன் ஹீத்தில் தாய்வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்; ஒரு மருந்துக்கடையில் வேலை. றஜீவ் கிட்ட வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. மாதம் இரண்டு தரம், வேறு ஆட்கள் பார்த்திருக்க, பிள்ளையைப் பார்க்கிறான். ஜதுர்ஷிகா நேசரிக்குப் போகிறாள். நவரத்தினம் அந்தச் சிரிப்புப் படத்தைப் போனிலிருந்து அழித்தார். லவீனியா அந்தக் கடிதம் எழுதிய வருடமே, மார்ச் மாதம், இருபத்து நான்காவது வயதில் இறந்ததாகக் கட்டின் கடைசித் தாளில் இருக்கிறது, காரணம் எழுதப்படவில்லை. அபிகேல் எண்பது வயது வரைக்கும் இருந்தாள். ஜனவரி சரிதான், திகதிப் பிழை இல்லை என்று நகுலேஸ்வரி நூலகத்துக்கு எழுதினாள். நன்றி சொல்லிப் பதில் வந்தது. ஓரக்குறிப்பை அவர்கள் மாற்றவில்லை. அவள் அடுத்த கடிதக் கட்டை எடுத்துத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறாள்.