பந்தலில் பார்த்தவர்கள்

பூனாவை ஒட்டிய போசரியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நல்ல சேதி எல்லாம் பேடாவாகத்தான் வரும். பெரிய ஆர்டர் கிடைத்தால் பேடா. முதலாளி மகள் பரீட்சையில் தேறினால் பேடா. இரண்டாயிரமாவது ஆண்டு ஜூனில், மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கணக்குப் பிரிவு ராஜி டப்பாவோடு அச்சுதனின் மேசைக்கு வந்தாள்.

“எடுத்துக்குங்க சார். நம்ம பஸ் போர்டுக்குப் பேட்டண்ட் வரப்போகுது. கெஜட்ல போட்டுட்டாங்களாம். நாலு மாசத்துக்குள்ள யாரும் ஆட்சேபணை பண்ணலைன்னா பக்கா.”

“எந்த பஸ் போர்டு?”

“உங்க போர்டுதான். உங்களுக்கு ரெண்டா எடுத்துக்குங்க.”

அவன் எடுத்துக்கொண்டான். “யார் பேர்ல?”

ராஜியின் குரல் இறங்கியது. “ராம்பிரசாத் சார் பேர்ல. கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துலயும் அவர் பேர்தான் இருக்கு. உங்க பேரும் கீழே இருக்கும்னு பாத்தேன். இல்ல.” டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டாள்.

பேடா உள்ளங்கையில் நசுங்கி விரல் இடுக்கில் நெய் கசிவதை அச்சுதன் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தான்.

பஸ்ஸின் நெற்றியில் தடம் எண்ணைக் காட்டும் பலகை அது. பல்பு வைத்த பலகைகள் நடு வெயிலில் செத்துப்போகும். வெளிநாட்டிலிருந்து வந்த பலகைகளில் பல்பு கிடையாது. வரிசை வரிசையாகச் சின்னத் தகடுகள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மஞ்சள். மின்சாரம் ஒரு தட்டுத் தட்டினால் தகடு திரும்பிக்கொள்ளும். வெயில் ஏற ஏற மஞ்சள் இன்னும் துலங்கும். ஆனால் நம் சாலைப் புழுதி தகட்டின் அச்சில் புகுந்துவிட்டால் திரும்பாது; எட்டு மூன்றாகி, மூன்று ஒன்றுமில்லாததாகிவிடும். அச்சுதன் அச்சையே எடுத்துவிட்டான். ஒவ்வொரு தகட்டையும் இழுத்துக் கட்டிய மெல்லிய உலோக நாடாவில் தொங்கவிட்டான். நாடா முறுக்கிக்கொள்ளும், தகடு திரும்பும். உரசுவதற்கு ஒன்றுமில்லை, புழுதி போய் உட்கார இடமுமில்லை. தேஹு ரோடு குடியிருப்பில், தன் வீட்டுச் சமையல் மேடையின் பாதியைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காசில் செய்த வேலை. அது முடியும்வரை அவன் மனைவி கிரிஜா தரையில் உட்கார்ந்துதான் சப்பாத்தி இட்டாள்.

கதவைத் தட்டாமல் முதலாளியின் அறைக்குள் போனான்.

“வா அச்சுதா. பேடா சாப்பிட்டியா?” என்றார் ராம்பிரசாத். சென்னையிலிருந்து வந்து இந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்தவர். எந்த நேரமும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்போல இருப்பார்.

“அது என் போர்டு சார்.”

“யாரு இல்லேன்னா?”

“அப்ப என் பேர் எங்க?”

ராம்பிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் பேரைப் போட்டா, நாளைக்கு நீ வேற இடத்துக்குப் போறப்ப அதுவும் உன் பின்னாடியே வந்துடும். கம்பெனி பாதுகாப்புக்காகப் பண்ணினது. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? நீ வேற நான் வேறயா?”

“நான் இதை முதல்ல கொண்டாந்து காட்டினப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“வீட்ல பசங்க இருந்தா விளையாடக் குடுன்னீங்க.”

“சொல்லியிருப்பேன். அன்னிக்கு அது அப்படித்தான் இருந்தது.”

அச்சுதன் பேசவில்லை. அவன் பேசாமல் நின்றால் எதிரே இருப்பவர்கள்தான் தவித்துப்போய் எதையாவது சொல்லி இறங்கிவருவார்கள். ராம்பிரசாத் இறங்கவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, மழையைப் பற்றிச் சிரித்துப் பேச ஆரம்பித்தார். அச்சுதன் கையிலிருந்த பேடாவை அறையின் வெள்ளைத் திரைச்சீலையில் நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு வெளியேறினான். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

நகரத்துக்குள் டெக்கன் பக்கம் ஒரு மாடி அறையில் பிரியம்வதா அலுவலகம் வைத்திருந்தாள். சென்னையில் சட்டம் படித்து, கல்யாணமாகிப் பூனா வந்தவள். காப்புரிமை வழக்குகள் மட்டுமே பார்ப்பவள். அச்சுதன் சொன்னதைக் கேட்டு முடித்ததும் அவளுக்கே உற்சாகமாகிவிட்டது.

“அவர் உங்ககிட்டேருந்து எடுத்தார்னு நிரூபிச்சா, பேட்டண்ட்டை உங்க பேருக்கே கேக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. அவர் விண்ணப்பம் போட்டது தொண்ணூத்தேழு டிசம்பர். அதுக்கு முன்னாடியே நீங்க செஞ்சு வெச்சிருந்தீங்கன்னு யார் வந்து சொல்வாங்க?”

பேடா வந்த நாளுக்குப் பிறகு அச்சுதன் முதல்முறையாகச் சிரித்தான். “எங்க காலனியே வந்து சொல்லும் மேடம்.”

சொன்னான். தொண்ணூற்றேழாம் வருடக் கணபதி உற்சவம். பூனாவில் ஒவ்வொரு மண்டலும், அதாவது காலனியின் உற்சவக் கமிட்டியும், பந்தலில் ஏதாவது ஒரு காட்சி வைத்து அடுத்த மண்டலை மட்டம்தட்டப் பார்க்கும். பக்கத்துக் காலனியில் தலையை ஆட்டும் ராட்சசன் செய்கிறார்கள் என்று தெரிந்ததும், மண்டல் செயலாளர் மோரே நேராக அச்சுதன் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டார். அவர் ராணுவ ஆயுதக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். “அச்சுத் பாவு, என்னவோ தகடு திரும்புதாமே, கிரிஜா வஹினி சொன்னாங்க. நம்ம கணபதி பப்பாவுக்குக் கொண்டு வா.” விளையாடக் கொடு என்று ராம்பிரசாத் சொல்லி அப்போது சில வாரம்தான் ஆகியிருந்தது. அச்சுதன் பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். பந்தல் முகப்பில், பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினான். ஆரத்தி வரிகள் மஞ்சளாக ஓடின. ராட்சசனைப் பார்க்கப் போன கூட்டம் இங்கே திரும்பியது. நாளுக்குப் பத்து வார்த்தை பேசாதவன், கணபதியைக் கரைக்கும் நாளில் தொண்டை கட்டி நின்றான். கேட்டவர்களுக்கெல்லாம் பின்பலகையைத் திறந்து, நாடாவை எப்படி இழுத்துக் கட்டுவது என்று விளக்கியிருந்தான்.

“ராம்பிரசாத்தும் வந்தார் மேடம். ஆரத்தி எடுத்துக்கிட்டார். பின்பக்கம் வந்து நின்னு கேள்வி கேட்டார். எல்லாம் சரியான கேள்வி.”

பிரியம்வதா எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

“பின்பக்கத்தைத் திறந்து காட்டினீங்களா?”

“கேட்டவங்களுக்கெல்லாம்.”

“யார் வேணா வரலாம்ங்கற இடத்துல?”

“பந்தல்னா எல்லாரும்தான் வருவாங்க.”

அவள் பேனாவை மூடினாள். “விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஒரு பொருள் இப்படிப் பொதுவுல வெளியாயிட்டா, சட்டத்துக்கு அது புதுசு இல்ல. அதுக்கப்புறம் யாருக்குமே பேட்டண்ட் கிடையாது. அவருக்கும் இல்ல. உங்களுக்கும் இல்ல.”

“நான் செஞ்சதை நானே காட்டினாலும்?”

“காட்டினாலும்.”

“கண்காட்சியில எல்லாம் வெக்கறாங்களே?”

“அரசாங்கம் கெஜட்ல அறிவிச்ச கண்காட்சின்னா விலக்கு உண்டு. கணபதி பந்தல் அதுல வராது.”

“பந்தலுக்கு லைட் கனெக்‌ஷன் அரசாங்கம்தானே குடுத்துச்சு!” மேசை அதிரக் கத்தினான். கீழே சாலையில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். அவள் அவனைக் கத்த விட்டாள். அவன் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“பந்தலைச் சொல்லாம விட்டா, உங்களுக்குச் சாட்சி உங்க மனைவி ஒருத்தங்கதான். நிக்காது. சொன்னா, பேட்டண்டே செத்துப்போகும். அது அவருக்கும் தெரியும். நேர்ல வந்து பாத்தவர். அதனால பேச வருவார். வந்தா விரட்டிடாதீங்க.”

வந்தார். ஆகஸ்டில், அந்த வருடப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த சந்தில் அவர் கார் திரும்ப இடமில்லாமல் நின்றது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிரிஜா கொடுத்த காபியை முழுவதும் குடித்தார்.

“உன் பேரையும் சேத்துடலாம்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டாவது பேரா. மனு போட்டுத் திருத்திக்கலாம். நீ ஆட்சேபணை எதுவும் பண்ணாதே, வேலைக்கு வந்துடு. முடிஞ்சுபோச்சு.”

அச்சுதன் எழுந்து சமையலறைக்குப் போனான். கிரிஜா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“பேர் வேணும்னீங்க. பேர் வருது. ரெண்டாவதா இருந்தா என்ன?” என்றாள் அடங்கிய குரலில்.

“திருடினவன் பேருக்குக் கீழே.”

“இருக்கட்டும். ரெண்டு வருஷம் தரையில உக்காந்து சப்பாத்தி இட்டேன். உங்க தகடு மாவுல விழுந்து, பல்லுல கடிபட்டு, அப்பகூட ஒரு வார்த்தை சொல்லலை. அதுல எனக்கும் பாத்யதை இருக்குங்க. கோவத்துல தூக்கி வீசிடாதீங்க.”

அவள் சொன்னதில் தவறாக ஒரு சொல் இல்லை. அதுவே அவனுக்கு இன்னும் எரிந்தது. ஆனாலும் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். வாயைத் திறப்பதற்குள் ராம்பிரசாத் முந்திக்கொண்டார்.

“இன்னொண்ணு. அந்தக் கணபதி விஷயம். அது நடக்கவே இல்ல. நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தா, ‘சாதா பல்பு போர்டுதான் வெச்சோம்’னு இந்தக் காலனிக்காரங்க எல்லாரும் சொல்லணும். நீ சொன்னா கேப்பாங்க. பந்தல் கமிட்டிக்கு இந்த வருஷம் நான் நல்லா செஞ்சுடறேன்.”

வெளியே மூங்கிலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மோரே யாரையோ செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பலகை தன்னுடையது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்தவர்கள் இந்தச் சந்தில் இருப்பவர்கள்தான் என்று அச்சுதனுக்கு உறைத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தவர்கள். ‘இன்னொரு தரம் திருப்பு பாவு’ என்று கேட்டவர்கள். தன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறவேண்டுமென்றால், இவர்கள் வீடு வீடாகப் போய், நீங்கள் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள் என்று தானே கேட்கவேண்டும். அப்படி வந்த பெயரை இவர்கள் நடுவில் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது?

“எழுந்திருங்க சார்.”

“என்ன?”

“எழுந்திருங்க. கார் திருப்ப மோரேகிட்ட சொல்றேன். போயிடுங்க.”

ராம்பிரசாத்தின் முகம் சிவந்தது. “மடையா, பந்தல்ல வெச்சு வித்தை காட்டிக் கெடுத்தவன் நீ. அதைக் காகிதத்துல ஏத்திக் காப்பாத்தினவன் நான். நீ வாயைத் திறந்தா உனக்கும் ஒண்ணும் கிடையாது.”

“தெரியும். ரெண்டு பேருக்கும் வேணாம்.”

கிரிஜா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. அந்த வீட்டில் மௌனம் எப்போதும் அவன் சொத்தாக இருந்தது. எதிராளி கையில் அது எப்படி அறுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆட்சேபணைக்கான வாக்குமூலம் எழுத, பிம்ப்ரியில் நோட்டரி அலுவலகத்துக்கு மோரே ஆட்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள். பார்த்ததைப் பார்த்தபடி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பின்பலகையைத் திறந்ததை, நாடாவை இழுத்துக் காட்டியதை ஒருவர்கூட மறக்கவில்லை.

“இதுல கையெழுத்துப் போட்டா பேட்டண்ட் உனக்கு வந்துடும்ல, பாவு?” என்று மோரே மராட்டியில் கேட்டார்.

“வராது. யாருக்கும் வராது.”

மோரே பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி அவனைப் பார்த்தார். “அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?”

“நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தோம்.”

“அப்ப போடுங்க.”

மோரே தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் உத்தரவு வந்தது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே பொதுவில் அறியப்பட்ட பொருள் என்பதால் காப்புரிமை மறுக்கப்படுகிறது. அதைச் செய்தது யார் என்ற கேள்விக்குள் போகத் தேவையே ஏற்படவில்லை என்று ஒரு வரி. பிரியம்வதா போனில் “ஜெயிச்சுட்டோம்” என்றாள். அச்சுதன் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தான். கோபம் தணியவில்லை. சாப்பிடும்போது, பல் துலக்கும்போது, ராம்பிரசாத்தின் துடைத்த கண்ணாடி நினைவுக்கு வந்து கை நின்றுவிடும். கிரிஜா பேச ஆரம்பித்துவிட்டாள். பலகையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு முகூர்த்த நாளில், கல்யாணத்துக்குப் போக இருவரும் நிகடி பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கிரிஜா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். எதிரே வந்து நின்ற நகர பஸ்ஸை அவள்தான் முதலில் பார்த்தாள்.

“என்னங்க. உங்க போர்டு.”

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்ட பிறகு யாரோ செய்திருக்கிறார்கள். நடு வெயிலில் மஞ்சள் தகதகவென்று நின்றது. அச்சுதன் பார்த்தான். அவன் முகம் நெகிழும் என்று கிரிஜா காத்திருந்தாள். அது இறுகியது.

“நாடா தொங்குது.”

“என்னது?”

“அந்த மூலையில பாரு. நாலு தகடு பாதியில நிக்குது. சரியா இழுத்துக் கட்டலை. எந்தக் கழுதை கட்டினான் இதை?”

“விடுங்க. நம்ம பஸ் வருது, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

அவன் அதற்குள் சாலையைக் கடந்து, கிளம்பிய பஸ்ஸின் கம்பியைப் பிடித்துவிட்டான். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. நடத்துனர் டிக்கெட் எங்கே என்று கேட்க, “உங்க போர்டு எந்தக் கம்பெனி சரக்கு? அதைச் சொல்லு முதல்ல!” என்று மராட்டியில் இரைந்தான். பஸ்ஸுக்குள் எல்லாத் தலையும் திரும்பியது. கிரிஜா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று பின்னால் ஓடிவந்து ஏறினாள்.