வெள்ளைக் கட்டம்

"அக்கா, நீங்க சொல்ற எடத்துல ஒண்ணுமே இல்லையே. போன்ல வெறும் வெள்ளையா காட்டுது" என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர்.

தண்ணீர்த் தொட்டியடியில் நின்றுகொண்டு மருமகள் கையை ஆட்டினாள், அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தும்.

"அந்த வெள்ளைக்குள்ளதான் தம்பி வரணும். மில் கேட்ட தாண்டினதும் ரோடு முடிஞ்ச மாதிரி காட்டும். காட்டட்டும், நீ நேரா வா."

"முடிஞ்ச ரோட்டுல எப்படிக்கா வர்றது?"

"முடியல தம்பி. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் இதுலதான் இருக்கேன். வா."

சைரன் கேட்டது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நெருங்கி வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது. பிறகு தேய்ந்துகொண்டே போனது. அவள் சத்தம் போன திசையில் ஓடினாள். ஒரு கால் இடறியபோதுதான் பார்த்தாள். ஒரு செருப்பு அவளுடையது, மற்றது மாமாவுடையது.

வீட்டில் மாமாவின் பக்கத்தில் ரப்பர் சித்தப்பா இருந்தார். வரைபட ஆபீசில் மாமா படம் வரைய, பிசகியதை அழிப்பது அவர் வேலை. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மாமா, அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டதும் மூச்சுக்கு நடுவே சொன்னது ஒன்றுதான்: "தொட்டிகிட்ட போய் நில்லும்மா. அவனுக்கு வழி தெரியாது."

தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

வரைபட ஆபீஸ் முதலில் ராணுவத்தின் கையில் இருந்தது. ராணுவ இடம் எதுவும் படத்தில் தெரியக்கூடாது என்று உத்தரவு. ஆபீசும் குவார்ட்டர்ஸும் ராணுவ இடமாகையால், நாட்டில் ஓடை, சந்து ஒன்று விடாமல் வரைந்தவர்கள் தாங்கள் குடியிருந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டார்கள். பிறகு ஆபீஸ் நிலவரித் துறைக்குக் கைமாறியது. ராணுவம் போட்ட உத்தரவை ராணுவம்தான் ரத்து செய்ய வேண்டும் என்றது நிலவரித் துறை. நீங்கள் இப்போது எங்கள் ஆட்களே இல்லையே என்றது ராணுவம். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவே பெட்டியோடு நிற்கும் பெண்ணைப் போல அந்த உத்தரவு நின்றது. அப்புறம் திட்டத் துறை. அப்புறம் பாதி அரசு, பாதி கம்பெனி. நாற்காலியை விட்டு எழாமலே மாமா அத்தனை துறையையும் பார்த்துவிட்டார். வாசலில் போர்டு மாறும்போதெல்லாம் படம் புதிதாக அச்சேறும். வெள்ளைக் கட்டமும் புதிதாக அச்சேறும். செல்போன்காரர்கள் வாங்கிப் போட்டதும் அந்தப் படத்தைத்தான்.

பள்ளிக்கூடத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பேய்கள் என்று கூப்பிடுவார்களாம். கல்யாணமான புதிதில் கணவன் அதைச் சொல்லிச் சிரித்தான். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டுட்டே. இனிமே புளியமரம் ஏறித்தான் ஆகணும்." அவளும் சிரித்தாள். பார்சல்காரன், பெயின்ட் அடிப்பவன், பெண் பார்க்க வந்தவர்கள், யார் வந்தாலும் தொட்டியடிக்குப் போய்க் கூட்டிவருவது இந்த வீட்டுப் பழக்கம். அன்றுவரை அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒருவழியாக வண்டி வந்தது. அவள் அதற்கு முன்னால் ஓடி வாசலில் ஏறினாள்.

"ஓடி வராதம்மா" என்றார் ரப்பர் சித்தப்பா உள்ளேயிருந்து. "மெதுவாவே வா."

ஸ்ட்ரெச்சரோடு நிலைப்படியில் நின்ற டிரைவர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு தடவ அந்தச் செவுரு வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன்க்கா."

"உன் தப்பு இல்ல தம்பி."

யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர் சித்தப்பா மாமாவின் கண்களை மூடினார். நடுவிரலில், பேனா அழுந்திக் காய்த்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார், அழிக்கிறவர் போல.

"ஒரே ஒரு கோடுடா" என்றார் தாழ்ந்த குரலில். "பேனா உன் கையில. போட்டிருந்தா எவன் கேக்கப் போறான்? நான் சொல்றப்பெல்லாம் ஆர்டர் வரட்டும், ஆர்டர் வரட்டும்ன. எங்கேருந்துடா வரும்? அனுப்பறதுக்கு ஆளே இல்லியேடா."

அவளுக்கு மாமாவைத் திட்ட வேண்டும் போலிருந்தது. போர்வை விலகியிருந்தது. இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் கணவன் வெளியூரிலிருந்து வந்தான். மாமாவின் போன் ஓயாமல் அடித்தது. விஷயம் தெரியாதவர்கள் சிலர் மாமாவையே கேட்டார்கள். கணவன் அவர் போனையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிணவண்டியில் ஏறினான். அவளால் கூடப் போக முடியவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களைத் தொட்டியடியிலிருந்து கூட்டிவர ஒருவர் வேண்டுமே. பகலெல்லாம் வெறுங்காலோடு போய்வந்தாள்.

பொழுது சாய்ந்தது. வந்தவர்கள் கலைந்தார்கள். ரப்பர் சித்தப்பா கூடத்தில் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். போனவர்கள் திரும்பவில்லையே என்று கணவனுக்குப் போன் செய்தாள். அணைந்திருந்தது, சார்ஜ் போயிருக்கும். அப்போதுதான் நினைவு வந்து தன் போனில் இருந்த படத்தைத் திறந்தாள். மாமா நடைப்பயிற்சிக்குப் போனால் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதற்காகக் கணவன் போட்டுக்கொடுத்திருந்தது. மாமா வீட்டில் இருக்கும்போதெல்லாம் அந்த நீலப் புள்ளி வெள்ளைக்கு நடுவே, எதன்மேலும் இல்லாமல், தனியாக இருக்கும்.

இன்று அது ரோட்டில் வந்துகொண்டிருந்தது. மேலே 'மாமா' என்று எழுதியிருந்தது. பாலத்தைக் கடந்தது. மில் கேட்டைத் தாண்டியது. கோடு முடிகிற இடத்துக்கு வந்து, நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நகரவில்லை.

போன் கணவனின் பையில் இருக்கிறது. அவனுக்கு வழி தெரியும். பிறந்து வளர்ந்த இடம். அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வாசலில் அவள் செருப்பு ஒன்றும் மாமாவின் செருப்பு ஒன்றும் நேற்று கழற்றிப்போட்ட இடத்திலேயே கிடந்தன. அவற்றையே மாட்டிக்கொண்டு, தொட்டியடிக்கு நடந்தாள்.