அறையில் இருந்தவர்கள்

அவன் எழுந்தான். பல் விளக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை ஜன்னலருகே நின்றான். காப்பியைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ரொட்டியில் எதையோ தடவித் தின்றான். சட்டைக் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டான். மிச்சத்தை ஸ்வெட்டர் மறைத்துவிடும். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பஸ் பிடித்து வேலைக்குப் போனான். மனைவியைப் புதைத்த மறுநாளும் போனான். வீட்டில் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று அவனுக்கு.

வேலை, வேதப் புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது. அங்கே அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்வார். மற்றவர் புது அச்சில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். விஷயம் சரியா தப்பா என்று யாரும் கேட்கக்கூடாது. மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறதா, அவ்வளவுதான். அந்தச் சின்ன அறையில் எதிரே உட்கார்ந்து அவனுக்கு வாசித்தவள்தான் பிறகு அவனுக்கு மனைவியானாள். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாக வம்ச வரலாறு வாசிக்கிற பெண்ணிடம் ஒருவன் எப்படி மனதைப் பறிகொடுப்பான் என்று அச்சகமே சிரித்தது. பறிகொடுத்தான்.

இப்போது அந்த நாற்காலியில் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் 'கமா'. வீட்டில் பெண்டாட்டியைத் திட்டும்போதுகூடக் கமா, ஆச்சரியக்குறி சொல்லித்தான் திட்டுவார் என்று பைண்டிங் பிரிவில் ஒரு பேச்சு உண்டு.

"ஆரம்பிக்கலாமா தம்பி?"

"ம்."

நான்கு சுவிசேஷங்களையும் தனித்தனிச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். அதனால் அந்த ஒரு சிலுவை மரணத்தை நாலு தடவை வாசித்தாக வேண்டும். இரண்டில் அவர் கைவிடப்பட்டவராகக் கதறுகிறார். ஒன்றில் உயிரைத் தகப்பன் கையில் ஒப்படைக்கிறார். இன்னொன்றில் எல்லாம் நிறைவேறிவிட்டது என்கிறார். மனைவி எதிரே இருந்த நாட்களில், இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிடுவாள்.

"இதையெல்லாம் எழுதினது யாருங்க?"

"மேலேயே பேர் போட்டிருக்கே."

"பேரெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கிச்சுங்கறாங்க. மூணாமத்தவரு நேராவே சொல்லிடறாரு, பார்த்தவங்க சொன்னதை விசாரிச்சு எழுதறேன்னு. ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேரு ஓட்டம் பிடிச்சாச்சு. கடைசிவரைக்கும் நின்னது பொம்பளைங்க. அவங்க கையில யாரு பேனாவைக் கொடுத்தா?"

"அப்போ பொய்ங்கறியா?"

"பொய்னு நான் எப்போ சொன்னேன்? போனவர் கடைசியா என்ன சொன்னார்னு தெரியாம, உயிரோட இருக்கறவங்களால இருக்க முடியாதுங்க. அதான் ஆளாளுக்கு எழுதி வச்சிருக்காங்க. மேல வாசிக்கவா, இல்ல இப்படியே என்னைப் பார்த்துட்டே உக்காந்திருக்கப் போறீங்களா?"

இதையே அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தாள். போதகர் காதுக்குப் போனது. வகுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மாதான் ஒடிந்துபோனார். விசுவாசத்தை விட்ட பெண் என்று மகளைப் பற்றிச் சபையில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் நோயில் விழுந்தபோது, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர்களும் இருந்தார்கள்.

கமா ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு, அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதை எடுக்க அவருக்கு மனமில்லை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"நினைவு ஆராதனைக்குக் கொடுக்கற கார்டு. உங்க மாமியார் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்களாம். இன்னிக்கே மெஷினுக்குப் போகணுமாம். நான் வேணா வேற ஆளை வச்சு..."

"வாசிங்க."

கமா தொண்டையைச் செருமினார்.

"கணவரின் கையைப் பற்றியபடி, கமா, ஆண்டவரே, கமா, வருகிறேன், முற்றுப்புள்ளி, என்று சொல்லி, கமா, புன்னகையோடு கண்களை மூடினாள், முற்றுப்புள்ளி."

அவன் விரல் கடைசிப் புள்ளியில் நின்றது.

"பொருந்துதா தம்பி?"

"பொருந்துது."

"அப்போ கையெழுத்தைப் போடு."

"மாட்டேன்."

"எங்க இடிக்குது?"

"அவ போறப்போ நான் அந்த ஆஸ்பத்திரி ரூம்ல இல்லை. யாருமே இல்லை."

கமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூலத்துல இப்படித்தான் இருக்கு..."

"மூலமே தப்புங்க."

அந்த அறையில் இதுவரை யாரும் சொல்லாத பேச்சு அது. பெரியவர் அட்டையை அவன் பக்கம் தள்ளினார். "அப்போ எழுதினவங்ககிட்ட போய்க் கேளு. நான் மெஷின்காரன்கிட்ட பேசிக்கறேன்."

மாமியார் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் மடிப்புப் பிரித்துத் தைக்க வந்தவை. அவனைப் பார்த்ததும் ஸ்டூல் மேலிருந்த துணியைத் தரைக்குத் தள்ளினார்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, பாதி நாள்ல? சாப்பிட்டீங்களா, இல்ல வழக்கம்போல ரொட்டியா?"

"கார்டு பார்த்தேன் அத்தை."

"எழுத்துப்பிழை இருந்தாத் திருத்திக்கங்க. நான் என்ன காலேஜா படிச்சேன்?"

"பிழை இல்லை. நாம உள்ள போனப்போ அவ போயிட்டா. நர்ஸே அப்பத்தான் வந்து நின்னுட்டிருந்தாங்க. அவ எதுவும் சொல்லலை. நான் கையையும் பிடிச்சிருக்கலை."

மெஷின் நின்றது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க? அவளை விசுவாசி ஆக்கறதுக்காகவா?"

"அவளுக்காகன்னா நினைச்சீங்க?" மாமியார் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "அவ மனசு ஆண்டவருக்குத் தெரியும். என் எழுத்தைப் படிச்சுட்டா அவர் கதவைத் திறக்கப் போறார்? சபையில ஒவ்வொருத்தியும் என்னைத்தானே கேக்கறா, 'கடைசி நேரத்துல மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரா'ன்னு. என்னன்னு சொல்றது? பெண்டாட்டிக்கு மூச்சு வாங்கிட்டிருக்கு, இவர் கீழே உலாத்திட்டிருந்தார்னா? காலம் பூரா உங்களைப் பிடிச்சுத் தின்னுடுவாங்க. அதான் உங்க கையில அவ கையை எடுத்து வச்சேன். கையைப் பிடிச்சவ சும்மா இருப்பாளா, ஏதாவது சொல்லணும்ல? அதுக்குத்தான் அந்த வார்த்தை."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். சபைக்கு முன்னால் மகளை நிமிர்த்த எழுதியது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். இவர் மருமகனைக் காப்பாற்ற எழுதியிருக்கிறார்.

"எழுதிட்டேன்," என்றார் மாமியார். குரல் இறங்கிவிட்டது. "ஆனா எனக்கு ஆறலை தம்பி. வெந்நீர் வாங்கத்தான் போனேன். பிளாஸ்க்கோட திரும்பி வர்றேன், கீழே லிஃப்ட்டுப் பக்கத்துல நீங்க நிக்கறீங்க. எதுக்கு வந்தீங்க? அவளைத் தனியா விட்டுட்டு எப்படி வர மனசு வந்துச்சு? உங்களைத் திட்டணும்னு இல்லை. ராவும் பகலும் அதுதான் உள்ளே ஓடுது."

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று அவனுக்குத் தெரியும். பதிலையும் முடிவுசெய்து வைத்திருந்தான்: காற்று வாங்க வந்தேன் என்று சொல்லிவிடுவது. உண்மையைச் சொன்னால், தன்னால்தான் மகள் தனியாகப் போனாள் என்று இவர் சாகும்வரை சுமப்பார். அதைவிட மருமகனை வெறுத்துவிட்டுப் போகட்டும். வெறுப்பைத் தாங்க அவனுக்குப் பெரிய சிரமம் இருக்காது என்றே தோன்றியது. அந்த நாட்களில் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஆனால் இவர் வெறுக்கவில்லையே. அவனுக்காக உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, ஒரு பொய் எழுதியிருக்கிறார். அந்தப் பொய் நாளைக்கு அச்சாகி வீடு வீடாகப் போய்விடும். அவள் நிஜமாகவே சொன்னது அவன் ஒருவன் வாய்க்குள் கிடக்கும். அவனும் போனால் அதுவும் போயிற்று.

"வேண்டாம் அத்தை. உங்களால தாங்க முடியாது."

"பெத்த பிள்ளையைப் புதைச்சுட்டு உக்காந்து பட்டன் தச்சுட்டிருக்கேன். இன்னும் தாங்கறதுக்கு என்ன பாக்கி? சொல்லுங்க."

"அவதான் அனுப்பினா."

"எங்கே?"

"உங்ககிட்ட."

மாமியார் மடியிலிருந்த சீருடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"'அம்மாவுக்குத் தனியா லிஃப்ட்டுல ஏறப் பயம். கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. பிளாஸ்க்கைக் கட்டிப் பிடிச்சுட்டுக் கீழேயே நின்னுட்டிருப்பாங்க, பாவம். நான் எங்கே ஓடிடப் போறேன், நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க.'"