கிளியர் சொல்லாத அறை

எட்டாம் அறையின் கதவுக்கு முன்னால் அன்று மதியம் இருந்தவர்கள்: தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரியம்மா. சூப்பர்வைசர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் அக்கா புருஷன். செத்துப்போன எலக்ட்ரீசியனின் மனைவி. இரவு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான். எலக்ட்ரீசியனையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பிரச்சினை.

எங்களுடையது மீனையும் இறைச்சியையும் உறையவைத்துச் சேமிக்கும் குளிர்கிடங்கு. பல மொழிக்காரர்கள் வேலை செய்வதால் கதவு விஷயத்தில் ஆங்கிலச் சொற்கள்தான் சட்டம். சரக்கு இல்லை என்றால் எம்ப்டி. ஆள் இல்லை என்றால் கிளியர். எம்ப்டியை வாசலில் நின்றே சொல்லலாம். கிளியர் சொல்ல, கடைசிச் சுவர்வரை நடந்துபோய் அதைக் கையுறையால் தொட்டுவிட்டு வர வேண்டும். உள்ளங்கையில் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதை சூப்பர்வைசர் பார்த்த பிறகுதான் பூட்டு. வீட்டில் நாம் இரண்டையும் 'காலி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். வீட்டில் யாரும் உறைந்து சாவதில்லை.

எட்டாம் அறை வாசலிலிருந்து முழுதாகத் தெரியாது. கடைசியில் இடப்பக்கம் முழங்கை போல மடங்கும். அந்த மடக்கில் விளக்கு எரியவில்லை என்று ஏணியோடு போனவர்தான் எலக்ட்ரீசியன். எங்களுக்கு அவர் பெயர் வேக்காடு. கோட்டும் குல்லாவும் மாட்டிக்கொண்டு குளிருக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும், "அப்பப்பா, என்னா வேக்காடு!" என்று காலரைத் தூக்கி உள்ளே ஊதிக்கொள்வார். அலுத்துப்போன ஜோக். ஆனாலும் சிரிப்போம்.

வார விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் அது. அவர் உள்ளே போனதை யாரும் கவனிக்கவில்லை. மச்சான் கடைசிப் பெட்டிகளை வெளியே கொண்டுவந்து, வண்டியை விட்டு இறங்காமலே "எம்ப்டி" என்று கத்தினார். சூப்பர்வைசர் கையுறையைக் காட்டச் சொல்லவில்லை. பூட்டிவிட்டார். உள்ளிருந்து திறக்கும் குமிழ் பனியில் இறுகிக் கிடந்தது. ராத்திரி வேக்காட்டின் மனைவி தேடிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, காவலாளி "உள்ள யாரும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார். விடுமுறை முடிந்து திறந்தால், வேக்காடு கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

விசாரணை நடந்தது. இருவருக்கும் எச்சரிக்கை. அறையை மறுபடி பயன்படுத்த ஒரு சடங்கு பாக்கி: கடைசியாக எம்ப்டி சொன்ன ஆளே உள்ளே போய்ச் சுவரைத் தொட்டு, கிளியர் சொல்ல வேண்டும். மச்சான் மூன்று நாளாக மூன்று தடவை போய்வந்துவிட்டார். கையுறை வெள்ளைதான். வாயிலிருந்து அந்தச் சொல் மட்டும் வரவில்லை. இன்று சொல்லாவிட்டால் வேலை போய்விடும். "டேய், நீயும் அங்கயே நில்லு. அந்த ஒரு வார்த்தைய வாங்காம வீட்டுக்கு வராத" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

நான்காவது தடவையும் போய்விட்டு வந்து நின்றார்.

"சுவரத் தொட்டியாய்யா?" என்றார் சூப்பர்வைசர்.

"தொட்டேன்."

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"கண்ணுக்குத் தெரியல."

"அப்ப சொல்லித் தொலையேன்."

"எம்ப்டி."

"யோவ், எம்ப்டியோ கிளியரோ, எல்லாம் காலிதானய்யா?"

"அப்படி நெனச்சுத்தான் அன்னிக்குப் பூட்டுனீங்களா?" என்றார் வேக்காட்டின் மனைவி. சூப்பர்வைசர் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

நான் மச்சானின் முழங்கையைப் பிடித்து, "மச்சான், அக்கா அங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கா. வார்த்தைதானே, சொல்லிட்டு வாங்க" என்றேன்.

"அன்னிக்கும் வார்த்தைதாண்டா சொன்னேன்."

அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டார். "என்னதான் தடுக்குது உங்கள?"

மச்சான் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவத்துப் பனியில ஒரு கைத்தடம் இருக்கு மேடம். தினமும் பனி படிஞ்சு மூடிடுது. அடுத்த தடவ போனா புதுசா இருக்கு."

"உன் கைத்தடந்தான்யா அது! நீதானே போய்த் தொடற?" என்றார் சூப்பர்வைசர்.

"என் கைக்கு அஞ்சு விரலு. அதுல நாலுதான்."

வேக்காட்டுக்கு வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயதில் டேபிள் ஃபேன் சாப்பிட்டுவிட்டது என்பார்.

"பைத்தியம் புடிச்சிருக்கு உனக்கு. நான் போறேன், நான் பாக்கறேன்" என்று சூப்பர்வைசர் கையுறையை மாட்டினார். வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பூட்ஸ் சத்தம் மடக்குவரை கேட்டது. நின்றது. பிறகு போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கையுறையில் வெள்ளை இல்லை. நான் பார்த்தேன். அதிகாரியம்மாவும் பார்த்தார். சூப்பர்வைசர் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வேக்காட்டின் மனைவி மச்சானிடம் வந்தார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். நாலு தடவை உள்ள போனீங்களே, அவரக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல அண்ணி."

"போனீங்க, தேடுனீங்க, வந்துட்டீங்க. கூப்பிடல. அழைக்காத கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டாரு அந்த மனுஷன். கூப்பிடாம வெளிய மட்டும் எப்படி வருவாரு?"

மச்சான் குல்லாவைச் சரிசெய்துகொண்டு ஐந்தாவது தடவையாக உள்ளே போனார். நாங்கள் வாசலில் காது கொடுத்து நின்றோம். காற்றாடிகளின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. எப்போதும் வேலை முடிகிறபோது பேசுகிற அதே குரல்.

"அண்ணே, ஷிஃப்ட் முடிஞ்சுது. விளக்க நாளைக்குப் பாத்துக்கலாம். ஏணிய நான் எடுத்துக்கறேன், நீங்க சும்மா வாங்க. பாத்து, அங்க வழுக்கும்." ஏணியைத் தூக்கும் சத்தம். "வெளிய வந்து பாருங்க. நெசமாவே வேக்காடு."

ஏணி தரையில் உரசும் சத்தம் நெருங்கி வந்தது. மச்சான் மெதுவாக நடந்தார், வயதில் மூத்தவரோடு சேர்ந்து நடக்கிறவர் நடப்பதுபோல. வாசலுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் தான் வெளியே வரவில்லை. ஓரமாக நின்று காத்திருந்தார்.

முதலில் விலகியவர் வேக்காட்டின் மனைவி. அடுத்து அதிகாரியம்மா ஓரடி பின்வாங்கினார். சூப்பர்வைசர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நானும் வழிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. என் இடது கை ரோமம் மட்டும் சிலிர்த்தது. குளிர் அறையைத் திறந்து வைத்தால் சிலிர்க்கத்தான் செய்யும், அதைச் சாட்சியாக நான் சொல்லவரவில்லை.

வேக்காட்டின் மனைவி யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடைக்கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். அகலமான கூடம். அவர் ஒரு பக்கமாக ஒதுங்கியே நடந்தார்.

அதற்குப் பிறகுதான் மச்சான் வெளியே வந்தார். ஏணியைச் சாய்த்து வைத்தார். சூப்பர்வைசரின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெள்ளை.

"கிளியர்."

சூப்பர்வைசர் சாவியை எடுத்தார். மச்சான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூடத்துக் கோடியில் அந்தம்மா வெயிலுக்குள் திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு வேக்காட்டுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.